எல்சாவின் அன்னை ஜாய் ஆடம்சன்

தாயை இழந்த குழந்தைகளை எடுத்து வளர்த்த நல்லவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கன்னியர் மடங்களில் அப்படி வளர்ந்து ஆளானவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தாயை இழந்த ஒரு சிங்கக்குட்டியை எடுத்து, புட்டிப்பால் கொடுத்து, தம் கட்டிலிலேயே படுக்க வைத்து வளர்த்த பெண்மணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? வளர்த்ததுகூடப் பெரிதல்ல. சர்க்கஸ்காரர்களும் ஒரு காலத்தில் சிங்கம் வளர்த்தார்கள். இந்த அம்மையார் தாம் வளர்த்த சிங்கத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், அது பிறந்த காட்டுக்கே திருப்பிக் கொடுத்தார். அவர்தான் ஜாய் ஆடம்சன்.

அவருடைய இயற்பெயர் ஃபிரீடரிக்க விக்டோரியா கெஸ்னர். 1910 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள், அந்நாளைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்த டிராப்பாவ் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் ஒப்பாவா என்ற பெயரில் செக் நாட்டில் இருக்கிறது. பெற்றோர் பிரிந்துவிட்டதால் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். பியானோ கற்றார், தையல் கற்றார், சிற்பம் செய்யக் கற்றார். எதிலும் நிலைத்து நிற்கவில்லை. இளமையில் ஒருமுறை வேட்டைக்குப் போய் ஒரு மானைச் சுட்டு வீழ்த்தினாராம். அது கீழே விழுந்து கிடந்த காட்சி அவர் மனத்தை உலுக்கிவிட்டது. விளையாட்டுக்காக இனி எந்த உயிரையும் கொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தார்.

1937 ஆம் ஆண்டு அவர் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய முதல் இரண்டு திருமணங்களும் நிலைக்கவில்லை. இதை நம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் பெரியவர்களின் வாழ்க்கையில் நமக்குப் பிடித்த பக்கங்களை மட்டும் எடுத்து எழுதினால் அது வரலாறு ஆகாதே! இரண்டாவது கணவர் பீட்டர் பாலி ஒரு தாவர இயல் அறிஞர். ஜாய் என்ற செல்லப் பெயரைச் சூட்டியவர் அவர்தான். அவரோடு மலை, காடெல்லாம் சுற்றியபோது ஜாய் அம்மையார் கென்யாவின் மலர்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டத் தொடங்கினார். அந்த ஓவியங்களுக்கு 1947 இல் லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. பின்னர் கென்யாவின் பல்வேறு பழங்குடி மக்களை அவரவர் மரபு உடையிலும் அணிகலன்களிலும் நூற்றுக்கணக்கான ஓவியங்களாக வரைந்தார். அவற்றில் பல இன்றும் நைரோபி அருங்காட்சியகத்தில் உள்ளன. சிங்கம் என்ற ஒன்றே அவர் வாழ்வில் வராமல் போயிருந்தாலும் இந்த ஓவியங்களுக்காகவே அவரை நினைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

1944 இல் ஜார்ஜ் ஆடம்சன் என்பவரை மணந்தார். இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இவர் 1906 இல் இந்தியாவில், இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள எட்டாவாவில் பிறந்தவர். 1924 இல் கென்யா சென்று பல வேலைகள் பார்த்து, 1938 முதல் வனவிலங்குத் துறையில் அதிகாரியாக இருந்தார். கள்ள வேட்டைக்காரர்களைப் பிடிப்பதும், மனிதரைக் கொல்லும் விலங்குகளைச் சுடுவதும் அவர் கடமை.

1956 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி அப்படித்தான் ஒரு சிங்கத்தைத் தேடி அவர் புறப்பட்டார். அது ஒரு மனிதனைக் கொன்றுவிட்டிருந்தது. வழியில் ஒரு பாறையின் பின்னாலிருந்து ஒரு பெண் சிங்கம் அவர் மேல் பாய வந்தது. சுடுவதைத் தவிர வேறு வழியில்லை; சுட்டார்கள். அருகில் போய்ப் பார்த்தபோதுதான் அதன் மடி பாலால் கனத்திருப்பது தெரிந்தது. அது ஏன் அவ்வளவு ஆவேசமாகப் பாய்ந்தது என்பதும் அப்போது புரிந்தது. பாறை இடுக்கில் தேடினார்கள். கண்களில் நீலப்படலம் கூட மறையாத மூன்று பெண் குட்டிகள் அங்கே ஒடுங்கிக் கிடந்தன.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். எல்சாவின் கதை அன்பில் தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு தவறில் தொடங்கியது. ஜார்ஜ் அந்தத் தவறை மறைக்கவில்லை. குட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

குட்டிகள் இரண்டு நாட்கள் பாலைத் தொடவில்லை. பிறகு ஒருமுறை ருசி கண்டதும் நிறுத்தவே முடியவில்லை. இனிப்புச் சேர்க்காத டப்பாப் பாலைத் தண்ணீரில் கரைத்து, புட்டி கிடைக்கும்வரை ஒரு ரப்பர் குழாய் வழியே புகட்டினார். மீன் எண்ணெய், குளுக்கோஸ் எல்லாம் வரவழைக்கப்பட்டன. நூரு என்ற இளைஞர் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டார். அவருக்குத் துணையாக இன்னொரு ஆயாவும் இருந்தாள். அவள் பெயர் பதி-பதி. ஹைராக்ஸ் என்ற, முயல் அளவுள்ள பிராணி அது. அம்மையார் வீட்டில் ஏற்கெனவே வளர்ந்து வந்தது. விவிலியத்தில் நீதிமொழிகள் நூலிலே, பாறைகளுக்கிடையே வீடு அமைத்துக்கொள்ளும் சிறு பிராணி என்று வருவது இதுதான் என்கிறார்கள். தன்னைவிடச் சீக்கிரம் பெரிதாகிவிட்ட சிங்கக்குட்டிகளையும் அது அதட்டி வைத்திருந்ததாம்.

மூன்றில் மூத்தவளுக்குப் பெரியவள் என்று பெயர். அடுத்தவள் லஸ்டிகா. எல்லோரிலும் சிறியவள், ஆனால் துணிச்சல் மிக்கவள் எல்சா. சில மாதங்களில் மூன்று சிங்கங்களை வீட்டில் வைத்திருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. மூத்த இரண்டும் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் மிருகக்காட்சி சாலைக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. தனித்து விடப்பட்ட எல்சா புதர்ப்பக்கம் பார்த்துத் தன் அக்காமார்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். (சிங்கத்தைப் போய் அவள் என்று எழுதுகிறாயே என்று என் தம்பி கேலி செய்கிறான். அம்மையாரும் அப்படித்தான் எழுதினார்.)

அதன் பிறகு எல்சா அந்தத் தம்பதியருக்குப் பிள்ளைபோல ஆனாள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. எல்சா லேண்ட்ரோவர் வண்டியின் கூரைமேல் படுத்துக்கொண்டே ஊர் சுற்றினாள். இந்தியப் பெருங்கடலில் இறங்கி நீந்தினாள். வெயில் சுட்டெரிக்கும் ருடால்ஃப் ஏரிவரை, அதாவது இன்றைய துர்க்கானா ஏரிவரை, அவர்களோடு நடந்தே சென்றாள். முத்தமிடும் பாவனையில் வந்து தலையை உரசுவாள். அம்மையாரின் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டே தூங்குவாள். நினைத்தால் ஒரே அறையில் மனிதரை வீழ்த்தக்கூடியவள், நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு விளையாடுவாள்.

இரண்டு வயது கடந்ததும் கேள்வி எழுந்தது. இனி என்ன செய்வது? ஜார்ஜுக்கு நீண்ட விடுமுறை வரவிருந்தது. எல்சாவை மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிடும்படி பலரும் கூறினார்கள். மனிதர் வளர்த்த சிங்கம் காட்டில் பிழைக்காது. பட்டினியால் சாகும், அல்லது மற்றச் சிங்கங்கள் கொன்றுவிடும். இதுவே அன்று எல்லோருடைய கருத்தும். அதற்கு மாறாக யாரும் செய்து காட்டியதில்லை.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். எட்டாம் வகுப்பில் படித்தபோது, முருங்கை மரத்தடியில் விழுந்து கிடந்த ஓர் அணில்பிள்ளையைக் கண்டெடுத்தேன். பஞ்சு நனைத்துப் பால் கொடுத்தேன், பிழைத்துக்கொண்டது. என் தோளில் ஏறி உட்காரும், சட்டைப் பையில் தூங்கும். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு ஒரே பெருமை. மனிதரிடம் பழகிய அதற்குப் பூனையிடமும் பயம் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது வால் மட்டும்தான் கிடந்தது. அம்மா ஏதும் சொல்லாமல் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆகவே ஜாய் அம்மையார் எல்சாவை எப்படிக் காட்டுக்குப் பழக்கினார் என்ற பகுதியை நான் மற்றவர்களைவிட ஊன்றிப் படித்தேன்.

முதல் முயற்சி தோல்வி. 1958 இல் எல்சாவை வெகு தொலைவிலுள்ள ஒரு பகுதிக்குக் கொண்டுபோய்ச் சுதந்திரமாக விட்டார்கள். அவள் பிறந்த ஊர் சூடான வறண்ட பகுதி. இதுவோ குளிர்ந்த இடம். அவளுக்கு வேட்டையாடத் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் பசியோடு அதே இடத்தில் காத்திருப்பாள். பிறகு கடுமையாக நோயுற்று மெலிந்துவிட்டாள்.

வேறொருவராக இருந்தால் அப்போதே மிருகக்காட்சி சாலைக்குக் கடிதம் எழுதியிருப்பார். இவர்கள் அவளைக் குணப்படுத்தி, அவள் பிறந்த இடத்துக்கு அருகிலேயே, மேரு பகுதியில் ஊரா ஆற்றங்கரைக்குக் கொண்டு சென்றார்கள். ஜார்ஜ் ஒரு விலங்கைச் சுட்டு அவள் முன் போடுவார். அதை எப்படிக் கிழிப்பது, கழுகும் கழுதைப்புலியும் வராமல் எப்படி மறைப்பது, எப்படிக் காவல் காப்பது என்று ஒவ்வொன்றாக அவளே கண்டுபிடிக்க விட்டார்கள். தாய்ச்சிங்கம் குட்டிக்குச் சொல்லித் தருவதை மனிதர் இருவர் சொல்லித் தர முயன்றார்கள். கொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்த அம்மையார், ஒரு உயிரை வாழவைக்க மான்களும் ஆடுகளும் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அவர் அதை விரும்பவில்லை. ஆனால் சிங்கத்துக்கு ரொட்டி கொடுத்து வளர்க்க முடியாதே.

ஒருநாள் எல்சா தானாகவே ஒரு காட்டெருமையை ஆற்று நீரோட்டத்தில் மடக்கி வீழ்த்தினாள். பெரிய சிங்கங்களே தயங்கும் வேலை அது. அப்போது நூரு ஓடி வந்தார். அவர் இஸ்லாமியர், உயிர் போவதற்குள் முறைப்படி அறுத்தால்தான் அந்த இறைச்சியைத் தம் மக்கள் உண்ண முடியும். வேட்டையாடிக்கொண்டிருக்கும் சிங்கத்தின் வாய்க்குக் கீழே கத்தியோடு குனிந்தார்! எல்சா ஒரு கணம் சீறினாள். பிறகு தன்னைப் பால்குடிப் பருவத்தில் பார்த்துக்கொண்டவர் என்று அறிந்து, விட்டுக்கொடுத்தாள். இதைவிடத் துணிச்சலான செயலை நான் வேறெந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் உலகம் எல்சாவை அறிந்த அளவுக்கு நூருவை அறியவில்லை.

அதன்பின் அவளைத் தனியே விட்டுவிட்டு ஒரு வாரம் அப்பால் போனார்கள். திரும்பி வந்தபோது அவள் வயிறு நிறைந்திருந்தது. அம்மையார் அன்று மகிழ்ந்தாரா, அழுதாரா என்றால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைக்குத் தான் தேவையில்லை என்று அறிய வேண்டும் என்பதற்காகவே அத்தனை பாடும் பட்டார், அது நடந்துவிட்டது.

எல்சா அவர்களை மறக்கவில்லை. அவர்கள் முகாமுக்கு வந்ததை அவளுக்குத் தெரிவிக்க ஜார்ஜ் வானை நோக்கித் துப்பாக்கியால் சுடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்சா காட்டிலிருந்து ஓடி வருவாள். தாயின் உயிரைப் பறித்த அதே சத்தம் மகளை அழைக்கும் சத்தமாயிற்று.

1959 ஆம் ஆண்டு டிசம்பரில் எல்சா ஒரு காட்டுச் சிங்கத்துக்கு மூன்று குட்டிகளை ஈன்றாள். சில வாரங்கள் கழித்துத் தானே அவற்றை ஆற்றைக் கடக்க வைத்து முகாமுக்கு அழைத்து வந்து காட்டினாள். ஜெஸ்பா, கோபா, சின்ன எல்சா என்று பெயரிட்டார்கள். இந்தக் குட்டிகளைத் தொட்டுக் கொஞ்ச வேண்டும் என்று அம்மையாருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! ஆனாலும் அவை காட்டுச் சிங்கங்களாகவே வளரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டார். மனிதர் வளர்த்த ஒரு சிங்கம் காட்டுக்குத் திரும்பி, துணை தேடி, குட்டி ஈன்று, அதே சமயம் மனிதர் நட்பையும் விடாதிருந்தது என்பதை உலகம் முதன்முறையாகக் கண்டது. 1960 இல் அவர் எழுதிய 'பார்ன் ஃப்ரீ' என்ற நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1966 இல் திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் எல்சாவுக்கு ஆயுள் கெட்டியில்லை. உண்ணிகளால் பரவும் பபீசியா என்ற நோய் தாக்கி, 1961 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் நாள் இறந்தாள். வயது ஐந்துகூட நிறையவில்லை. அப்போது அருகிலிருந்தவர் ஜார்ஜ். அம்மையார் வெளியூர் போயிருந்தார்.

தாயில்லாத மூன்று குட்டிகளும் பசி தாளாமல் ஊர்மக்களின் ஆடுகளை அடிக்கத் தொடங்கின. ஆடுதான் அம்மக்களின் செல்வம். அவர்கள் அம்பெய்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஜெஸ்பாவின் உடம்பில் ஓர் அம்புமுனை தைத்து நின்றது. குட்டிகளைக் கூண்டில் பிடித்து, டாங்கனிக்காவிலுள்ள (இன்றைய தான்சானியா) செரங்கெட்டி தேசியப் பூங்காவில் கொண்டுபோய் விட்டார்கள். அம்புமுனை அறுவை செய்யப்படவே இல்லை. மாதக்கணக்கில் அம்மையார் அந்தப் பெருவெளியில் அவற்றைத் தேடி அலைந்தார்.

நூல்களால் வந்த பெரும் பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 1963 இல் எல்சாவின் பெயரால் ஒரு நிதியம் தொடங்கி, மேரு போன்ற விலங்குக் காப்பிடங்களுக்குக் கொடுத்தார். கூடாரத்திலேயே வாழ்ந்தார். யாரிடமும் சம்பளம் வாங்காமல், 1964 இல் பிப்பா என்ற சிவிங்கிப்புலியை ஏற்றுக்கொண்டார். நைரோபி நகரத்து உணவகங்களுக்கெல்லாம் கழுத்துப்பட்டையோடு போய் வந்த செல்லப் பிராணி அது. அதையும் மேரு காட்டில் வேட்டையாடப் பழக்கினார். பிப்பா நான்கு முறை குட்டிகள் ஈன்று, 1969 இல் காயமுற்று இறந்தது. அதே ஆண்டு ஒரு கார் விபத்தில் அம்மையாரின் வலக்கை நசுங்கியது. பியானோவும் தூரிகையும் போயின. எழுதுவதே பெரும்பாடாயிற்று. ஆயினும் 1976 இல் பென்னி என்ற சிறுத்தைக் குட்டி கிடைத்தபோது, அறுபத்தாறு வயதில் மறுபடியும் தொடங்கினார்! ஷாபா என்ற காப்பிடத்தில் அதைக் காட்டுக்குப் பழக்கினார்; 1979 இல் பென்னியும் தாயாயிற்று.

ஜார்ஜ் தனியே கோரா என்ற இடத்தில் சிங்கங்களோடு வாழ்ந்தார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் மதித்தாலும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியவில்லை. அங்கே 1971 இல், பாய் என்ற வளர்ப்புச் சிங்கம் அவரிடம் வேலை பார்த்த ஒருவரைக் கொன்றுவிட்டது. ஜார்ஜே அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. மனிதரிடம் அச்சம் விட்டுப்போன விலங்கு மனிதருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தான் இக்காலத்தில் அடிபட்ட விலங்குகளையும் தாயற்ற குட்டிகளையும் பேணுவோர், முடிந்தவரை கொஞ்சாமல், பெயர் சொல்லி அழைக்காமல் வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் கொக்குக் குஞ்சுகளுக்கு உணவூட்டுபவர்கள், தாய்க்கொக்கின் தலைபோல் செய்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொள்கிறார்கள். குஞ்சு மனித முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம். எல்சாவிடம் செய்ததை இன்று அப்படியே யாரும் செய்யமாட்டார்கள். ஆனால் திருப்பி அனுப்ப முடியும் என்ற நம்பிக்கையை உலகத்துக்குத் தந்தது எல்சாதான்.

அம்மையாரிடம் குறைகளும் இருந்தன. விலங்குகளிடம் காட்டிய பொறுமையைத் தம் பணியாளர்களிடம் அவர் காட்டவில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளார்கள். சட்டென்று கோபப்படுவார், வேலையை விட்டு நிறுத்துவார். 1980 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் நாள் மாலை, ஷாபாவில் முகாமுக்கு அருகே அவர் இறந்து கிடந்தார். சிங்கம் கொன்றுவிட்டது என்றே முதலில் செய்தி பரவியது. வாழ்நாளெல்லாம் சிங்கங்களை நம்பியவரைச் சிங்கமே கொன்றதா என்று உலகம் திகைத்தது. ஆனால் காயத்தைச் சோதித்தபோது அது கத்திக்குத்து என்று தெரிந்தது. வேலையை விட்டு நீக்கப்பட்ட ஓர் இளைஞன் குற்றவாளி என்று 1981 இல் தீர்ப்பாயிற்று. குற்றம் நடந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்ததா என்று உறுதி செய்ய முடியாததால் மரண தண்டனை விதிக்கப்படவில்லை. அம்மையார் இறப்பதற்குச் சரியாக ஐந்து வாரங்களுக்கு முன்தான், 1979 நவம்பர் 29 இல், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் புனித பிரான்சிஸ் அசிசியாரைச் சுற்றுச்சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்திருந்தார். ஓநாயையும் மனிதரையும் ஒருசேரச் சகோதரர் என்று கருதிய புனிதர் அவர். இரண்டையும் ஒருசேர நேசிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஜாய் அம்மையாரின் வாழ்வைப் படித்த பிறகே நான் உணர்ந்தேன்.

ஜார்ஜும் 1989 ஆகஸ்ட் 20 ஆம் நாள், கொள்ளையரிடம் சிக்கிய ஒரு விருந்தினரைக் காப்பாற்ற வண்டியை ஓட்டிச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கோராவில் அவர் சுட நேர்ந்த அந்தச் சிங்கத்தின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நைவாஷா ஏரிக்கரையில் அம்மையார் வாழ்ந்த எல்சாமியர் என்ற வீடு இப்போது ஓர் அருங்காட்சியகம். அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டு, சாம்பல் மேரு தேசியப் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதில் ஒரு பகுதியைப் பிப்பாவின் கல்லறையிலும், மறு பகுதியை ஊரா ஆற்றங்கரையில் மரநிழலில் உள்ள எல்சாவின் கல்லறையிலும் தூவினார்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி